கற்பிக்கக் கற்ற கதை: எழும்பூர் மணல் முதல் சிங்கப்பூர் வகுப்பறை வரை



ஆண்டுதோறும் எங்கள் தொடக்கப்பள்ளிக்குப் பயிற்சி ஆசிரியர்கள் வருகின்றனர். அவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பு சில ஆண்டுகளாக எனக்கு வாய்த்திருக்கிறது. முதல் வாரத்தில் ஒன்றைத் தவறாமல் காண்கிறேன். குழுக்கற்றல், விளையாட்டுவழிக் கற்றல் ஆகியவற்றைப் பற்றி அருமையாக ஒப்படைப்பு எழுதியவர்கூட, இருபது பிள்ளைகளின் முன் நின்றவுடன் தம் பழைய ஆசிரியர் ஒருவரைப்போல் பேசத் தொடங்கிவிடுகிறார். அதே நிற்கும் முறை; அதே “எல்லாரும் சொல்லுங்கள்”; அதே வெண்பலகை. படித்தது எங்கே போயிற்று என்று அவரே பின்னர் வியப்பார்.

இது அவருடைய குறையன்று. ஆசிரியப் பயிற்சியின் வரலாற்றைப் புரட்டினால், இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இதே சிக்கல் வெவ்வேறு உருவில் வந்துகொண்டே இருப்பதைக் காணலாம். பயிற்சி பெறுபவர், தமக்குச் சொல்லப்பட்ட முறையில் கற்பிப்பதில்லை. தமக்குக் கற்பிக்கப்பட்ட முறையிலேயே கற்பிக்கிறார். அவருடைய ஆர்வமும் திறனும் அங்கிருந்தே கிளைவிடுகின்றன. அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறேன். அதன் தொடக்கம் தமிழ் மண்ணில்தான் இருக்கிறது.

எழும்பூரில் ஓர் எட்டு வயது ஆசிரியர்

திண்ணைப் பள்ளியைப் பற்றி நம் பாட்டனார் காலத்தவர் சொல்லக் கேட்டிருப்போம். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவார்கள். எழுதும்போதே உரக்கச் சொல்வார்கள். எழுத்து கைவந்த பிறகே ஓலையும் எழுத்தாணியும். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குச் சொல்லிக்கொடுப்பான். ஆசிரியர் ஒருவர், மாணவர் பலர் என்ற நிலைக்கு அது நம்மவர் கண்ட வழி. அங்கே ஆசிரியப் பயிற்சி என்று தனியாக ஒன்றும் இல்லை. சட்டாம்பிள்ளையாக இருந்ததே பயிற்சி. இத்தகைய பள்ளிகள் எத்தனை இருந்தன என்பதைச் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் கணக்கெடுக்கச் சொன்னார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன; அவற்றில் 1,88,650 மாணவர்கள் படித்தனர். ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கச் சென்னையில் ஒரு பள்ளி வேண்டும் என்றும் அவர் பரிந்துரைத்தார்.

அதற்கு முன்பே எழும்பூரில் ஒரு நிகழ்ச்சி நடந்துவிட்டது. இராணுவத்தினரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான இல்லத்தில் 1789 முதல் கண்காணிப்பாளராக இருந்தவர் ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார். ஒருநாள் அவர் ஒரு ‘மலபார்’ பள்ளியைக் கடந்து சென்றார். அக்கால ஆங்கிலேயர் தமிழரை அப்பெயராலும் அழைத்தனர். அங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு, தம் பள்ளியிலும் அவ்வாறே எழுத்துச் சொல்லிக்கொடுக்கும்படி ஆசிரியரிடம் கூறினார். அது நடவாத காரியம் என்று ஆசிரியர் மறுத்துவிட்டார். பெல் அந்தப் பொறுப்பை ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் கொடுத்தார். அவன் செய்துகாட்டினான்.

இந்த நிகழ்ச்சியைக் கல்வி வரலாற்று நூல்கள் பெரும்பாலும் மாணவனே ஆசிரியனாகும் முறைக்குச் சான்றாகச் சொல்லும். எனக்கோ அதில் வேறொரு பாடம் தெரிகிறது. வளர்ந்த ஆசிரியரால் இயலாதது சிறுவனால் எப்படி இயன்றது? அறிவில் அவன் மிஞ்சியவன் அல்லன். ஆனால், இப்படித்தான் கற்பிக்கவேண்டும் என்ற பழைய வழக்கம் அவனுக்குள் படிந்திருக்கவில்லை. ஆசிரியருக்குப் படிந்திருந்தது. புதிய முறையை அவருக்கு வாயால் சொன்னார்களேயொழிய, அம்முறையில் அவர் ஒருநாளும் கற்றவர் அல்லர்.

1796-இல் நாடு திரும்பிய பெல், அடுத்த ஆண்டே இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுவதும் பரவியது. ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் ஏறத்தாழ அதே காலத்தில் இதையொத்த முறையை லண்டனில் நடத்தினார். ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் படிக்கலாம். செலவும் மிகக் குறைவு. ஆனால் குறையும் அங்கேயே இருந்தது. சிறுவயது உதவியாளர்கள் கற்றுக்கொண்டதெல்லாம் பாடம் ஒப்பிக்கக் கேட்பதும் ஒழுங்கு காப்பதுமே. பிள்ளைக்கு ஏன் புரியவில்லை என்று எண்ணிப்பார்க்க அவர்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. ஆகவே அவர்கள் வளர்ந்து ஆசிரியரானபோதும் ஒப்பிக்கச் செய்வதே கற்பித்தல் ஆயிற்று.

சொற்பொழிவு கேட்டுக் கற்பிக்க வந்தவர்கள்

இக்குறையைத் தீர்க்க இங்கிலாந்தில் 1846-இல் ‘மாணவ ஆசிரியர்’ திட்டம் வந்தது. பதின்மூன்று வயதில் ஒரு தலைமையாசிரியரிடம் சேர்ந்து ஐந்தாண்டுகள் தொழில் பழகவேண்டும். தேர்ச்சி பெற்றவர்கள் உதவித்தொகையுடன் பயிற்சிக் கல்லூரிக்குச் செல்லலாம். இந்தியாவிலும் ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகள் வேண்டும் என்று 1854-ஆம் ஆண்டின் உட்ஸ் கல்வி அறிக்கை வலியுறுத்தியது. சென்னையில் 1856-இல் அரசு ‘நார்மல்’ பள்ளி தொடங்கிற்று. இன்றைய சைதாப்பேட்டைக் கல்வியியல் கல்லூரியின் வேர் அதுவே.

ஆசிரியத் தொழிலுக்குத் தனிப் பயிற்சி தேவை என்பதை ஏற்றுக்கொண்டது பெரிய முன்னேற்றந்தான். ஆனால் காலப்போக்கில் வேறொரு வழக்கம் ஊறிப்போயிற்று. பயிற்சி மாணவர் வரிசையாக அமர்ந்து குறிப்பெடுப்பார். விரிவுரையாளர் கற்பித்தல் முறைகளை எண்ணிட்டுச் சொல்வார். ஆண்டிறுதியில் எழுத்துத் தேர்வு. ‘குழந்தையைப் பேச விடவேண்டும்’ என்பதை, பேச விடப்படாத ஒருவர் மனப்பாடம் செய்து விடைத்தாளில் எழுதுவார். இதில் உள்ள முரண் பலருக்குக் கண்ணில் படவே இல்லை.

யாழ்ப்பாணமும் அடையாறும்

இந்தப் பொதுப்போக்குக்கு விலக்காக நம்மிடையே சில முயற்சிகள் இருந்தன. இரண்டை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று ஆறுமுக நாவலர். அவர் யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். பெர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்றவர். 1848-இல் அப்பணியை விட்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிஷனரிமாரின் சமயத்தை எதிர்த்தவர் அவர். ஆனால் வகுப்பு வகுப்பாகப் பிரித்துக் கற்பிப்பது, எளிமையிலிருந்து கடினத்துக்குச் செல்லும் உரைநடைப் பாடநூல் எழுதுவது, அதை அச்சிட்டுக் கையில் கொடுப்பது ஆகிய பள்ளி நடைமுறைகளை விட்டுவிடவில்லை. அவருடைய பாலபாட நூல்கள் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்டன. தாம் மாணவராக அமர்ந்து, ஆசிரியராக நின்று அனுபவித்த முறை என்பதால்தான், தம் நோக்கத்துக்கு ஏற்ப அதைத் திருப்பிக்கொள்ள அவரால் முடிந்தது என்பது என் கருத்து.

மற்றொன்று மரியா மாண்டிசோரி அம்மையார் சென்னைக்கு வந்தது. 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று அடையாறு வந்த அவர், போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அவருடைய முதல் பயிற்சி வகுப்பில் சுமார் 300 பேர் சேர்ந்தனர். அப்பயிற்சியின் சிறப்பு என்னவென்றால், குழந்தை கையாளப்போகும் ஒவ்வொரு பொருளையும் பயிற்சி பெறுபவர் முதலில் தாமே கையாண்டு பழகவேண்டும். அட்டையை வரிசைப்படுத்துவது, சொரசொரப்பான எழுத்தை விரலால் தடவுவது, மணிகளை எண்ணுவது எல்லாம் அதில் அடங்கும். பின்னர், ஒவ்வொரு செயலையும் எவ்வாறு குழந்தைக்குக் காட்டுவது என்று தம் கையால் எழுதி, படம் வரைந்து, ஓர் ஏடு தயாரிக்கவேண்டும். அந்த ஏடு அவருடைய சொந்த உழைப்பு. பள்ளிக்குப் போனபின்பும் பயன்படும். மாண்டிசோரி முறையின் எல்லாக் கொள்கைகளையும் ஏற்கவேண்டியதில்லை. ஆனால் பயிற்சி என்ற அளவில், சொல்லும் செயலும் ஒன்றாக இருந்த முறை அது.

காலையில் ஆசிரியர், மாலையில் மாணவர்

இனி நம் சிங்கப்பூருக்கு வருவோம். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இங்கே பள்ளி செல்லும் வயதுப் பிள்ளைகள் பெருகினர். புதிய பள்ளிகள் எழுந்தன, ஆசிரியர் போதவில்லை. 1950-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டது. ஆசிரியப் பற்றாக்குறையால், பயிற்சி பெறுபவர்களில் பலர் அரைநாள் பள்ளியில் கற்பித்து, அரைநாள் கல்லூரியில் கற்கவேண்டியிருந்தது. பள்ளிகள் காலை, பிற்பகல் என இரு நேரங்களில் நடந்ததால் இது இயன்றது.

அக்காலத்தில் பயிற்சி பெற்ற மூத்த தமிழாசிரியர்கள் சிலர், ஓய்வுபெற்ற பின்னர் என்னிடம் பேசியிருக்கின்றனர். அவர்கள் சொன்னவற்றில் இரண்டு செய்திகள் மனத்தில் நின்றன. காலையில் வகுப்பில் பட்ட துன்பத்துக்குப் பிற்பகலில் விடை தேடியதால், விரிவுரை எதுவும் வெறும் ஏட்டுச்சுரைக்காயாகத் தோன்றவில்லை என்பது ஒன்று. களைப்பு மிகுதியால் எண்ணிப்பார்க்க நேரமில்லாமல், பக்கத்து வகுப்பு மூத்த ஆசிரியர் செய்ததையே தாமும் செய்துவிட்டுப் போனோம் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையாகவே இருக்கவேண்டும். அனுபவம் மட்டும் போதாது. அந்த அனுபவத்தைப் பற்றிப் பேச ஓர் ஆளும் நேரமும் வேண்டும்.

இக்கல்லூரிக்கு 1969-இல் முதல்வராக வந்தவர் டாக்டர் ரூத் வோங். கணிதம் படித்தவர், ஹார்வர்டில் கல்வியியல் முனைவர் பட்டம் பெற்றவர். 1973-இல் கல்லூரி, கல்விக் கழகமாக உயர்ந்தபோது அதன் முதல் இயக்குநரும் அவரே. பயிற்சிப் பாடத்திட்டத்தைச் சீரமைத்து, ஆசிரியரை வெறும் பாடம் நடத்துபவராகக் கருதாமல், சிந்திக்கும் தொழில்வல்லுநராக வளர்க்க முனைந்தவர் என்று அவர் இன்றும் நினைக்கப்படுகிறார். 1991-இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பகுதியாகத் தேசிய கல்விக் கழகம் உருவாயிற்று. 2000-இல் அது இன்றைய நன்யாங் வளாகத்துக்கு மாறியது.

நான் பயின்றது அவ்வளாகத்தில். பிடோக்கிலிருந்து பூன் லே வரை ரயில், பிறகு பேருந்து. தீவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு என்று வேடிக்கையாகச் சொல்வோம். அந்நாளில் கேட்ட விரிவுரைகளில் பல நினைவில் இல்லை. ஆனால் நுண்ணிலைக் கற்பித்தல் நன்றாக நினைவிருக்கிறது. ஒரே ஒரு திறன், சில நிமிடப் பாடம். சக பயிற்சி மாணவர்களே தொடக்கநிலை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிப்பர். ஒளிப்பதிவைப் பார்த்துக் கலந்துரையாடி, மீண்டும் நடத்தவேண்டும். 1960-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான முறை இது. கேள்வி கேட்டபின் மூன்று விநாடி பொறுத்திருக்க நான் அங்கேதான் பழகினேன். இன்றும் அது கைகொடுக்கிறது.

இரண்டு ஆய்வாளர்கள் சொன்னது

இவ்விடத்தில் இரண்டு அமெரிக்கக் கல்வியாளர்களைக் குறிப்பிடவேண்டும். டான் லார்ட்டி 1975-இல் வெளியிட்ட நூலில் ஒரு கணக்குச் சொன்னார். பள்ளிப்படிப்பை முடிக்கும் ஒருவர் ஏறத்தாழ 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். வேறெந்தத் தொழிலுக்கும் இப்படியொரு நீண்ட ‘பார்த்துப் பழகும் பயிற்சி’ கிடையாது. மருத்துவரைச் சில தடவை பார்த்திருப்போம். ஆசிரியரை ஆயிரக்கணக்கான மணி நேரம் பார்த்திருக்கிறோம். ஆனால் மாணவர் இருக்கையிலிருந்து பார்த்தது ஆசிரியரின் வெளிச்செயலை மட்டுமே. அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது தெரியாது. இந்த 13,000 மணி நேரத்தைச் சில நூறு மணி நேர விரிவுரை எப்படி வெல்லும்?

தாமஸ் கஸ்கி 1986-இல் வேறொன்று சொன்னார். ஆசிரியரின் மனத்தை முதலில் மாற்றினால் அவர் வகுப்பில் புதுமுறையைக் கையாள்வார் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் வரிசை வேறு என்றார் அவர். ஆசிரியர் புதுமுறையைச் செய்துபார்க்கிறார். பிள்ளைகள் கற்பதைக் கண்ணால் காண்கிறார். அதன் பிறகே நம்பிக்கையும் ஆர்வமும் வருகின்றன. ஊக்க உரைகளால் ஆர்வத்தை ஊட்டிவிடலாம் என்று எண்ணுவோர் இதைக் கருதிப்பார்க்கவேண்டும். ‘இந்தக் காலத்துப் பயிற்சி ஆசிரியர்களுக்கு ஆர்வமே இல்லை’ என்று குறைப்படுவோரும் கருதிப்பார்க்கவேண்டும்.

தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியில் வளர்ந்த முறையைத் தழுவி, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் எம்.பி.விஜயகுமார் என்னும் ஆட்சிப்பணி அதிகாரி இதைத் தொடங்கச் செய்தார். அட்டைகள், கற்றல் ஏணி, தரையில் வட்டமாக அமர்தல், பிள்ளைகளின் கைக்கு எட்டும் கரும்பலகை என வகுப்பறையே மாறியது. முதலில் ஈடுபட்ட ஆசிரியர்கள் ரிஷிவேலிக்குச் சென்று நேரில் பார்த்துவந்து, அட்டைகளைத் தயாரிப்பதிலும் பங்குகொண்டனர். 2007-இல் மாநிலம் முழுவதும் 37,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டபோது, அத்தனை ஆசிரியர்களுக்கும் அதே அனுபவத்தைத் தருவது எளிதன்று. குறுகிய காலப் பயிற்சிகளே பலருக்குக் கிடைத்தன. அட்டை எல்லாப் பள்ளிக்கும் போய்ச் சேர்ந்தது. அட்டையின் பின்னிருந்த எண்ணம் எல்லா ஆசிரியரையும் சேரவில்லை.

நம் தமிழ் வகுப்புக்கு இதனால் என்ன?

சிங்கப்பூர்த் தமிழாசிரியருக்கு இது வெறும் வரலாறன்று. 2005-இல் தமிழ்மொழிப் பாடத்திட்ட, கற்பித்தல்முறை மறுஆய்வுக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. தரமான பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடம் தரவேண்டும் என்பது அதன் முக்கியமான பரிந்துரைகளுள் ஒன்று. காரணம் நாம் அறிந்ததே. வீட்டில் தமிழ் குறைந்துவருகிறது. 2010-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் சிங்கப்பூர்வாசிகளில் 3.3 விழுக்காடு, 2020-இல் அது 2.5 விழுக்காடு. பேசாத மொழியைப் பிள்ளை எழுதிக் காப்பாற்றப்போவதில்லை.

ஆனால் பேச்சுத்தமிழில் கற்பிப்பது, கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. ஓர் எடுத்துக்காட்டு. ஆசிரியர் “நேத்து மார்க்கெட்டுக்குப் போனீங்களா? என்ன வாங்குனீங்க?” என்று கேட்கிறார். பிள்ளை “ஃபிஷ்” என்கிறது. “தமிழில் சொல்” என்று அதட்டினால் பிள்ளை வாய்மூடிவிடும். “ஓ, மீன் வாங்குனீங்களா? பெரிய மீனா, சின்ன மீனா?” என்று ஆசிரியர் தொடர்ந்தால், “பெரிய மீன்” என்று பதில் வரும். திருத்தியதே தெரியாமல் திருத்தம் நடந்துவிட்டது. பிடோக் சந்தையில் மீன் வாங்கும் தாய் வீட்டில் இயல்பாகச் செய்யக்கூடியதுதான் இது. வகுப்பில் இருபது பிள்ளைகளோடு செய்வதற்குப் பயிற்சி வேண்டும்.

அந்தப் பயிற்சி, செந்தமிழில் நிகழ்த்தப்படும் இரண்டு மணி நேர விரிவுரையால் வருமா? வாராது. இன்றைய இளம் பயிற்சி ஆசிரியர்களில் பலர், எழுத்துத்தமிழ் மட்டுமே ஒலித்த வகுப்புகளில் பயின்றவர்கள். அவர்களுடைய 13,000 மணி நேரத்தில் இம்முறை இல்லை. ஆகவே அவர்களே அப்படிப்பட்ட உரையாடலில் மாணவராக அமரவேண்டும். பிறகு நான்கு பிள்ளைகளோடு நடத்திப்பார்க்கவேண்டும். அதன் பிறகே முழு வகுப்பு. பீட்டி சாலையில் உள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தில் நடைபெறும் பயிலரங்குகளிலும் ஆசிரியர்கள் தாமே செய்துபார்க்கும் அமர்வுகளில்தான் பேச்சும் சிரிப்பும் மிகுதி. பள்ளிக்குத் திரும்பியபின் கையாளப்படுவதும் அவையே.

வழிகாட்டும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. முதலாவது, பயிற்சி ஆசிரியரிடம் முதல் நாளே முழு வகுப்பை ஒப்படைக்காதீர்கள். பின்னிருக்கையில் வாரக்கணக்கில் உட்காரவைக்கவும் வேண்டா. இரண்டாம் நாளே நான்கு பிள்ளைகளைக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் ஒரு பிள்ளை ஒரு புதிய வாக்கியம் பேசிவிட்டால், அன்று மாலை அவர் முகத்தைப் பாருங்கள். இரண்டாவது, நீங்கள் கற்பிக்கும்போது செய்ததை மட்டும் காட்டாமல், ஏன் செய்தீர்கள் என்பதைப் பாடம் முடிந்ததும் சொல்லுங்கள். மாணவர் இருக்கையிலிருந்து தெரியாதது அதுவே. மூன்றாவது, அவருடைய பாடத்தைப் பற்றிப் பேசும்போது நீங்களே விரிவுரையாளராகிவிடாதீர்கள். “அந்தப் பிள்ளை ஏன் பேசவில்லை என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். உங்களிடம் கற்ற அந்தப் பொறுமையை நாளை அவர் பிள்ளைகளிடம் காட்டுவார்.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். பயிற்சி ஆசிரியர் வகுப்பெடுக்கிறார் என்றவுடன், தேர்வு நெருங்கும் நேரத்தில் பிள்ளையின் படிப்பு கெடுமோ என்று சிலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. உங்கள் பிள்ளையின் வழக்கமான ஆசிரியர் அதே வகுப்பில்தான் இருக்கிறார் என்பதை நினைவில் கொள்ளுங்கள். கற்பிக்கும் தொழிலைப் பிள்ளைகள் இல்லாத அறையில் கற்கமுடியாது. நம் பிள்ளைகளுக்கு இன்று கற்பிக்கும் நல்லாசிரியர்கள் அனைவரும் வேறு யாருடைய பிள்ளைகளிடமோ பழகியவர்கள்தாம். வீட்டில் பிள்ளையிடம் “புது டீச்சர் என்ன சொல்லிக்கொடுத்தாங்க?” என்று தமிழில் கேளுங்கள். பிள்ளை சொன்னதை மறுநாள் அந்த இளம் ஆசிரியரிடம் ஒரு வரியில் எழுதி அனுப்புங்கள். தாம் கற்பித்தது வீடு வரை சென்றது என்ற செய்தி, அவருக்கு எந்த ஊக்க உரையையும்விடப் பெரிது.

அன்புடன்,
பிடோக்கிலிருந்து ஒரு தமிழாசிரியர்